அரசனுக்கு அஞ்சாத யஹ்யா நபி (அலை)

கிறிஸ்தவ அன்பர்களோடு ஒரே தெருவில் வாழ்ந்து, ஒரே பள்ளியில் பயிலும் நம் வீட்டுப் பிள்ளைகள் பெற்றோரிடம் சில வினாக்களைக் கொண்டு வருவதுண்டு. அவர்கள் யோவான் என்பவரும் நம் யஹ்யா நபியும் ஒருவர்தாமா? அவர் வெட்டுக்கிளி உண்டாராமே? அவரை அரசன் ஏன் கொன்றான்? பனீ இஸ்ராயீல் மக்களின் வழக்கங்களையும் தவ்ராத்தின் சட்டங்களையும் சிறிதேனும் அறிந்தால் இவ்வினாக்களுக்கு விடை எளிதாகிவிடும்.

ஆம், இருவரும் ஒருவரே. யோவான் ஸ்நானன் என்றும் ஸ்நாபக அருளப்பர் என்றும் தமிழ்க் கிறிஸ்தவர்கள் வழங்குவது ஜக்கரிய்யா நபியின் (அலை) திருமகனாரைத்தான். ஜக்கரிய்யாவை அவர்கள் ஆலய குருவாகக் கருதுகின்றனர். நாமோ நபியாக ஏற்றிருக்கிறோம். பைத்துல் முகத்தஸில் பணிபுரிந்த குருமார் 24 பிரிவினராக இருந்தனர். ஒவ்வொரு பிரிவும் முறைவைத்துப் பணிக்கு வரும். நறுமணத் தூபம் காட்டும் பேறு யாருக்கு என்பதைச் சீட்டுப் போட்டு முடிவு செய்வர். மர்யம் அவர்களை வளர்க்கும் பொறுப்பு யாருக்கு என்று எழுதுகோல்களை எறிந்து பார்த்ததாகத் திருக்குர்ஆன் கூறுவதை இங்கே நினைவுகூருங்கள். திருவுளச் சீட்டு அம்மக்களிடையே வேரூன்றிய வழக்கம்.

மர்யமிடம் இறைவன் அருளிய உணவைக் கண்ட ஜக்கரிய்யா, தள்ளாத வயதில் தமக்கும் ஒரு வாரிசு வேண்டுமென இறைஞ்சினார். மலடியாயிருந்த மனைவியார் கருவுற்றார். குழந்தைக்கு உறவினர் தந்தையின் பெயரையே இட விரும்பினர் என்றும், அக்குலத்தில் எவருக்கும் இல்லாத பெயரைத் தாயார் சொன்னபோது வியந்தனர் என்றும் லூக்காவின் நூல் கூறுகிறது. அதற்கு முன் எவருக்கும் இடப்படாத அப்பெயரைச் சூட்டியவன் இறைவனே என்பதைச் சூரா மர்யம் தெளிவாக்குகிறது. பெயரிட்டது எட்டாம் நாளில், விருத்தசேதனத்தின்போது. இப்ராஹீம் நபி (அலை) வழிவந்த அச்சுன்னத்தை அம்மக்கள் எட்டாம் நாளிலேயே நிறைவேற்றினர். இன்றும் யூதர்களிடம் அதுவே முறை.

இளமையிலேயே ஞானமும் இரக்கமும் தூய்மையும் வழங்கப்பெற்றவர், பெற்றோருக்குப் பணிந்தவர் என்று இறைமறை அவரைப் புகழ்கிறது. அவர் ஒட்டக மயிராலான ஆடை உடுத்தி, வெட்டுக்கிளியும் காட்டுத்தேனும் உண்டு பாலைவெளியில் வாழ்ந்தார் என்பது இன்ஜீல் நூல்களின் செய்தி. வெட்டுக்கிளி என்றதும் முகம் சுளிக்க வேண்டாம். சில வகை வெட்டுக்கிளிகளைத் தவ்ராத் ஆகுமாக்கியிருந்தது. நம் மார்க்கத்திலும் அது அறுக்காமலே உண்ணத்தக்கது.

யோர்தான் ஆற்றில் மக்களை அவர் நீராட்டியது புதுமையா? தூய்மைக்காக நீரில் முழுகுவது யூதர்களின் பழைய வழக்கமே. முதலில் நேர்மையால் உள்ளம் தூய்மையாக வேண்டும், அதன் பின்னரே உடலுக்கு நீராட்டு என்பதே அவர் போதனை என்று யூத வரலாற்றாசிரியர் ஜோசிபஸ் ஏறத்தாழ கி.பி. 93-இல் எழுதினார். திரள்திரளாக மக்கள் வந்தனர். ஏரோது அந்திப்பா என்ற ஆட்சியாளனுக்கு அச்சம் பிறந்தது.

ரோமாபுரிக்குக் கீழ்ப்பட்டுக் கலிலேயாவையும் பெரேயாவையும் ஆண்ட இவன், வேறு தாய்க்குப் பிறந்த தன் சகோதரனின் மனைவி ஏரோதியாளை மணந்தான். யஹ்யா நபி அதைக் கண்டித்தார். இங்கே உங்களுக்கு ஓர் ஐயம் எழலாம். சகோதரன் தலாக் சொன்ன பெண்ணை இத்தா முடிந்தபின் மணக்க நம் ஷரீஅத்தில் தடையில்லையே! உண்மைதான். ஆனால் அவர்களுக்குரிய சட்டம் தவ்ராத். சகோதரனின் மனைவியை, அவன் விலக்கிவிட்டிருந்தாலும், மணக்கக் கூடாதென லேவியராகமம் தடுக்கிறது. சகோதரன் மகப்பேறின்றி இறந்தால் மட்டுமே விலக்குண்டு. அப்போது விதவையை மணந்து அவன் வழியை நிலைநிறுத்துவது கடமையாகவே இருந்தது. ஏரோதியாளின் கணவனோ உயிரோடிருந்தான். அவளுக்கு ஒரு மகளும் இருந்தாள். உயிருடன் உள்ள கணவனை அவளாகவே பிரிந்து வந்ததையும் ஜோசிபஸ் குற்றமாக எழுதுகிறார்.

இன்னொன்றும் உண்டு. அந்திப்பாவின் மற்றொரு சகோதரனான அரிஸ்தோபுலுவின் மகள்தான் ஏரோதியாள். ஆக, அவள் அவனுக்குச் சகோதரன் மகளும் ஆவாள். சகோதரன் மகளைத் திருக்குர்ஆன் ஹராமாக்கியிருப்பதை அறிவீர்கள். சகோதரன் மகளை மணக்க விரும்பிய அரசனை யஹ்யா நபி தடுத்தார் என்று இமாம் தபரீ திரட்டிய அறிவிப்புகளில் வருவது இதனோடு நெருங்கி நிற்பது காண்க.

இத்திருமணத்துக்காக அந்திப்பா தன் முதல் மனைவியைக் கைவிடத் துணிந்தான். அவள் பெத்ராவைத் தலைநகராகக் கொண்ட நபதேய அரபு மன்னன் நான்காம் அரேத்தாவின் மகள். ஹாரிஸ் என்ற அரபுப் பெயரின் கிரேக்க வடிவமே அரேத்தா. கணவனின் எண்ணத்தை முன்னரே அறிந்துகொண்ட அப்பெண்மணி, சாக்கடலுக்குக் கிழக்கேயுள்ள மக்கேருஸ் கோட்டைக்குச் செல்வதாகச் சொல்லிப் புறப்பட்டு, அங்கிருந்து தந்தையின் நாட்டை அடைந்துவிட்டாள்.

பின்னர் அதே கோட்டையில்தான் யஹ்யா நபி சிறைவைக்கப்பட்டுக் கொல்லப்பட்டார் என்கிறார் ஜோசிபஸ். மக்கள் கிளர்ந்தெழுவர் என்ற அச்சமே அவர் சொல்லும் காரணம். பிறந்தநாள் விருந்தில் ஏரோதியாளின் மகள் நடனமாடி, தாயின் தூண்டுதலால் அவர் தலையைப் பரிசாகக் கேட்டாள் என்பது மத்தேயு, மாற்கு நூல்களில் உள்ளது. அந்நூல்கள் அப்பெண்ணின் பெயரைச் சொல்லவில்லை. சலோமே என்ற பெயரை ஜோசிபஸிடமிருந்தே உலகம் அறிந்தது. திருக்குர்ஆன் கொலைக்கதையை விரித்துரைக்கவில்லை. அவர் பிறந்த நாளிலும், இறக்கும் நாளிலும், மீண்டும் எழுப்பப்படும் நாளிலும் அவர்மீது ஸலாம் உண்டென்று கூறி அமைகிறது.

ஏறத்தாழ கி.பி. 36-இல் அரேத்தாவின் படை அந்திப்பாவின் படையை நிர்மூலமாக்கியது. நல்லவரைக் கொன்றதற்கு இறைவன் தந்த தண்டனை இது என்று யூதர்களிலேயே சிலர் கருதினர். 39-இல் ரோமப் பேரரசன் அவன் ஆட்சியைப் பறித்து, மேற்கே கால் நாட்டுக்கு நாடு கடத்தினான். ஏரோதியாளும் உடன் சென்றாள்.

திமிஷ்கில் யஹ்யா நபியின் பெயரால் தேவாலயம் இருந்த இடத்தில் கலீஃபா வலீத் (705–715) எழுப்பிய உமையாப் பள்ளிவாசலின் உள்ளே, அவரது தலை அடங்கியிருப்பதாக மக்கள் நம்பும் ஸியாரத் இருக்கிறது. 2001 மே 6-ஆம் நாள் போப்பாண்டவர் இரண்டாம் ஜான் பால் அப்பள்ளிவாசலுக்கு வந்து, அந்த ஸியாரத்தின் முன் நின்றார். போப்பாண்டவர் ஒருவர் பள்ளிவாசலுக்குள் அடியெடுத்து வைத்தது அதுவே முதன்முறை.