வாங்கில் இருக்கும் உரிமை: ஹன்டி பேரின்பநாயகம்

ஹன்டி பேரின்பநாயகம் என்றால் நம்மவர்கள் இரண்டு விடயங்களோடு நிறுத்திவிடுவார்கள். 1927 நவம்பரில் காந்தியை யாழ்ப்பாணத்துக்கு வரவழைத்தவர்களில் முதன்மையானவர்; 1931 தேர்தல் பகிஷ்கரிப்பை முன்னின்று நடத்தியவர். எனக்கு அவர் முக்கியமாவது பள்ளிக்கூட வாங்கின் பொருட்டு.

1899இல் பிறந்த அவர், வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரியில் படித்து அங்கேயே ஆசிரியரானார். 1924இல் மாணவர் காங்கிரஸாகத் தொடங்கிப் பின்னர் வாலிபர் காங்கிரஸாக வளர்ந்த அமைப்பின் மூளை அவர்தான். முழுச் சுயராச்சியம், சாதி ஒழிப்பு, தாய்மொழிக் கல்வி ஆகியவை அதன் கோரிக்கைகள். தமிழ்ப் பிள்ளை சிங்களமும் சிங்களப் பிள்ளை தமிழும் கற்கவேண்டும் என்றும் அவர்கள் கேட்டார்கள்.

அக்காலக் குடாநாட்டில் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் பள்ளிக்கு வந்தாலும் நிலத்தில்தான் இருக்கவேண்டும். அரச உதவி பெறும் பள்ளிகளில் சமாசனம் கட்டாயம் என்று 1920களின் இறுதியில் உத்தரவு வந்ததும் ஊர்ப் பெரியவர்கள் மனுக்களோடு புறப்பட்டார்கள். சில பள்ளிக்கூடங்கள் கொளுத்தப்பட்டன. கொளுத்தியவர்கள் அந்நியர் அல்லர். வாலிபர் காங்கிரஸ் சமாசனத்தின் பக்கம் நின்றது. தமிழ்ச் சமூகம் தானாகச் செய்ய மறுத்ததை ஓர் அரச உத்தரவு செய்ய முயன்றது என்பதை நாம் அதிகம் பேசுவதில்லை.

1995 இடப்பெயர்வில் தென்மராட்சியில் மரத்தடியில் படித்தபோது நாங்கள் எல்லோருமே நிலத்தில்தான் இருந்தோம். அப்போதும், யார் எந்தக் கிணற்றில் தண்ணீர் அள்ளலாம் என்ற கேள்வி எங்களோடு இடம்பெயர்ந்து வந்திருந்தது.

பகிஷ்கரிப்புக்கு வருவோம். டொனமூர் அரசியலமைப்பு முழுச் சுயாட்சி தரவில்லை என்று சொல்லி 1931இல் வடக்கின் நான்கு ஆசனங்களை வெறுமையாக விட்டார்கள். கொள்கையளவில் நேர்மையான முடிவுதான். ஆயினும் அது பெருந்தவறு என்பதே என் கருத்து. சர்வசன வாக்குரிமை வந்த முதல் தேர்தல் அது. நிலத்தில் இருத்தப்பட்டவர்களின் பெற்றோருக்கு முதன்முறை கிடைத்த வாக்கு அந்த ஆசனங்களில் பயனற்றுப் போனது. கல்வி, சுகாதாரம் எல்லாம் அரசாங்க சபையின் நிர்வாகக் குழுக்களில் தீர்மானமான காலத்தில், 1934 வரை அந்த நான்கு தொகுதிகளுக்கும் அங்கே குரல் இல்லை.

1947இல் வட்டுக்கோட்டையில் போட்டியிட்டுத் தோற்றார். 1949இல் கொக்குவில் இந்துக் கல்லூரி அதிபரானார். கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவரை ஒரு சைவப் பாடசாலை அதிபராக்கியது, இன்றைய நிலையில் யோசித்தால் ஆச்சரியம்தான். 1956இல் தனிச் சிங்களச் சட்டம் அவருடைய இருமொழிக் கனவை முறித்தது. 1961இல் தேசியக் கல்வி ஆணைக்குழுவில் அவர் அங்கம் வகித்தார். அதே ஆண்டு ஏப்ரலில், யாழ் கச்சேரி வாசலில் நடந்த சத்தியாக்கிரகத்தை அவசரகாலச் சட்டத்தாலும் இராணுவத்தாலும் அரசு கலைத்தது. ஒரு கையால் யாழ்ப்பாண ஆசிரியரிடம் ஆலோசனை, மறு கையால் யாழ்ப்பாணத்துக்குப் படை.

1977இல் அவர் காலமானார். 1970களின் தரப்படுத்தல் எத்தனை இளைஞர்களின் பல்கலைக்கழக வாசலை அடைத்தது என்பதையும் அவர் பார்த்துவிட்டே போனார். பயங்கரவாதத் தடைச் சட்டம் அதற்கு இரண்டு ஆண்டுகளின் பின்னர், 1979இல் வந்தது. 1987 ஒக்டோபரில், அவர் அதிபராக இருந்த கொக்குவில் இந்துக் கல்லூரியில் தஞ்சமடைந்திருந்த மக்கள்மீது இந்தியப் படையின் எறிகணைகள் விழுந்தன. காந்தி வந்துபோய் ஏறக்குறைய அறுபது ஆண்டுகள்.

1990இல் வலிகாமம் வடக்கு உயர் பாதுகாப்பு வலயமானது. வசதியிருந்தவர்கள் வாடகை வீடுகளுக்கும் வெளிநாடுகளுக்கும் போனார்கள். கால் நூற்றாண்டு கடந்தும் கோணப்புலம் போன்ற முகாம்களில் எஞ்சியவர்களில் பெரும்பாலானோர் ஒடுக்கப்பட்ட சமூகத்தினர். அரசு அந்த முகாம்களை நலன்புரி நிலையங்கள் என்றே பதிவுசெய்திருந்தது. காணி விடுவிப்பு அறிவிப்புகள் வந்தபோது, அவர்களில் பலருக்கு விடுவிக்கத் தங்கள் பெயரில் ஒரு பரப்புக் காணிகூட இருக்கவில்லை.