குருத்துவத்தையும் தமிழையும் இரு கண்களாகக் கொண்ட தனிநாயகம் அடிகளார்

சமயத்தில் உறுதியாக நிற்க விரும்புபவர் நவீன உலகின் கல்வியிலிருந்தும் கலாசாரத்திலிருந்தும் ஒதுங்கியிருக்க வேண்டும் என்று கருதுவோர் எல்லாச் சமயங்களிலும் உள்ளனர். நவீன உலகில் முன்னேற வேண்டுமாயின் சமயப் பற்றைத் தளர்த்தியே ஆகவேண்டும் என வாதிடுவோரும் உள்ளனர். இவ்விரு கருத்துகளும் பிழையானவை என்பதற்கு எமது மண்ணில் தோன்றிய சேவியர் தனிநாயகம் அடிகளாரின் வாழ்க்கை சிறந்த சான்றாகும்.

1913 ஆம் ஆண்டு ஊர்காவற்றுறையை அடுத்த கரம்பொன்னில் பிறந்த அடிகளார், யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியில் கல்வி கற்றார். பின்னர் கொழும்பு குருமடத்திலும் உரோமாபுரியிலும் பயின்று, 1930களின் இறுதியில் கத்தோலிக்கக் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார். உரோமையில் அவர் மேற்கொண்ட ஆய்வு, 3 ஆம் நூற்றாண்டில் கார்த்தேஜ் நகரில் வாழ்ந்த குருக்களைப் பற்றியதாகும். இலத்தீன், இத்தாலியன், பிரெஞ்சு எனப் பல ஐரோப்பிய மொழிகள் அவருக்குக் கைவந்திருந்தன. ஆயினும், தமது தாய்மொழியின் இலக்கியச் செல்வத்தை அவர் அதுவரை ஆழமாகக் கற்றிருக்கவில்லை.

தூத்துக்குடி மறைமாவட்டத்துக்குப் பணியாற்றச் சென்று, வடக்கன்குளத்துப் பாடசாலையில் ஆசிரியராக இருந்தபோதே இக்குறையை அவர் முழுமையாக உணர்ந்தார். உரோமையில் பட்டம் பெற்ற குரு, தமிழ்ப் பண்டிதரிடம் மாணவராக அமர்ந்து பாடங்கேட்டார். அதன்பின் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, சங்கப் பாடல்களில் இயற்கை இடம்பெறும் விதத்தை ஆராய்ந்து முதுநிலைப் பட்டம் பெற்றார். கிரேக்க, இலத்தீன் கவிதைகளை அறிந்திருந்தமையால், ஐந்திணைப் பாகுபாட்டின் தனித்தன்மையை உலக இலக்கியங்களோடு ஒப்பிட்டுக் காட்ட அவரால் முடிந்தது.

அகத்திணைக் காதற் பாடல்களையும் சைவ, வைணவ அருட்பாடல்களையும் பயில்வது தமது விசுவாசத்துக்கு ஊறு செய்யும் என அவர் அஞ்சவில்லை. உண்மையும் அழகும் எங்கிருப்பினும் அவை இறைவனுடையவையே என்பது கத்தோலிக்க மரபின் பழைய கொள்கை. அக்கொள்கையைத் தமிழ் இலக்கியத்தின்பால் அவர் நேர்மையாகக் கடைப்பிடித்தார். ஏனைய சமயங்களின் மேன்மையை ஏற்று உரையாட வேண்டும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 ஆம் ஆண்டில் அறிவிப்பதற்கு ஏறத்தாழ 20 ஆண்டுகளுக்கு முன்பே அவர் இப்பாதையில் நடக்கத் தொடங்கியிருந்தார் என்பது குறிப்பிடத்தக்கது.

நவீன உலகின் கருவிகளையும் அவர் தயங்காது கையாண்டார். 1948 இல் தூத்துக்குடியில் தமிழ் இலக்கியக் கழகத்தை நிறுவினார். 1952 இல் ஆங்கிலத்தில் 'தமிழ்க் கலாசாரம்' என்னும் ஆய்விதழைத் தொடங்கி, மேலைநாட்டு அறிஞர்களின் கவனத்தைத் தமிழின்பால் திருப்பினார். இலங்கைப் பல்கலைக்கழகத்தில் கல்வித்துறை விரிவுரையாளராகப் பணியாற்றிய காலத்தில், பண்டைத் தமிழரின் கல்விச் சிந்தனைகளை ஆராய்ந்து இலண்டனில் கலாநிதிப் பட்டம் பெற்றார். 1961 முதல் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறைப் பேராசிரியராக விளங்கினார்.

1964 ஜனவரியில் புதுடில்லியில் உலகத் தமிழ் ஆராய்ச்சி மன்றம் உருவாக முன்னின்று உழைத்தவர் அடிகளாரே. முதலாவது மாநாடு 1966 இல் கோலாலம்பூரிலும், அடுத்தடுத்த மாநாடுகள் 1968 இல் சென்னையிலும் 1970 இல் பாரிஸிலும் நடைபெற்றன. 1974 ஜனவரியில் யாழ்ப்பாணத்தில் இடம்பெற்ற நான்காவது மாநாட்டின் இறுதி நாளன்று உயிர்கள் பலியான துயரம் எமது மக்களின் நினைவிலிருந்து இன்றும் அகலவில்லை.

அவரது ஆய்வுப் பணியில் சமயமும் தமிழும் சந்தித்த இடம் அச்சு வரலாறாகும். 1554 இல் லிஸ்பனில் உரோம எழுத்துகளில் அச்சான தமிழ்ச் சமய நூலையும், 1578 இல் கொல்லத்தில் தமிழெழுத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' என்ற நூலையும் பற்றி ஆய்வுலகம் அறியச் செய்தவர்களுள் அவர் முதன்மையானவர். வத்திக்கான் நூலகத்தில் இருந்த, 1679 ஆம் ஆண்டில் அச்சிடப்பட்ட புரோயென்சா பாதிரியாரின் தமிழ் - போர்த்துக்கேய அகராதியை 1966 இல் மீண்டும் பதிப்பித்தார். தமது திருச்சபையின் வரலாற்றை அறிந்திருந்ததனாலேயே தமிழுக்கு இத்தகைய தொண்டினை அவரால் ஆற்ற முடிந்தது. அவரது சமயம் அவரது ஆய்வுக்குத் தடையாக இருக்கவில்லை, துணையாகவே இருந்தது.

பொதுவாழ்விலும் அவர் ஒதுங்கி நிற்கவில்லை. 1956 இல் தனிச்சிங்களச் சட்டம் கொண்டுவரப்பட்டபோது, தமிழின் சம உரிமைக்காக எழுத்தாலும் பேச்சாலும் வாதாடினார். குருவானவர் அரசியல் பேசலாமா என்ற வினா எக்காலத்திலும் எழுவதே. நீதிக்காகக் குரல் கொடுப்பது குருத்துவப் பணியின் பகுதி என்பதே அவரது வாழ்க்கை தரும் விடையாகும். 1980 செப்டெம்பர் 1 ஆம் திகதி அவர் மறைந்தார். இறுதிவரை அவர் குருவாகவே வாழ்ந்தார்.

இன்று சமயத்தின் பெயரால் தமிழ் பேசும் மக்களுக்கிடையே மதில்கள் எழுப்பப்படும் வேளையில், அடிகளாரின் வாழ்வை நாம் நினைவுகூர்வது அவசியமாகின்றது. வள்ளுவரும் இளங்கோவும் மட்டுமன்றி, சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவரும் தேம்பாவணி பாடிய வீரமாமுனிவரும் தமிழுக்கு உரியவர்களே. தத்தமது சமயத்தில் ஊன்றி நின்றவாறே இவர்கள் இம்மொழியை வளப்படுத்தினர். சமயத்தை மறந்தால்தான் ஒற்றுமை வரும் என்றில்லை. சொந்தச் சமயத்தை ஆழமாக நேசிப்பவர், பிறரது நேசத்தையும் மதிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். அந்தப் பண்பினை எமது பாடசாலைகளும் ஆலயங்களும் பள்ளிவாசல்களும் தேவாலயங்களும் இளந்தலைமுறைக்கு ஊட்டுமாயின், அதுவே அடிகளாருக்கு நாம் செலுத்தும் உண்மையான அஞ்சலியாக அமையும்.