முதலையை வரைந்த மிகயில் மில்

வன்னியில் வளர்ந்த என் வயதுக்காரருக்கு வானத்துச் சத்தங்கள் அத்துப்படி. கிபிர் வேறு, வண்டு வேறு, ஹெலி வேறு. அந்த ஹெலிகளில் நாங்கள் அதிகம் பயந்தது 1995இல் இலங்கை விமானப்படைக்கு வந்த எம்.ஐ-24 தாக்குதல் உலங்குவானூர்திக்கு. அதன் பெயரிலுள்ள ‘மி’ ஒரு மனிதருடைய பெயரின் முதலெழுத்துகள் என்பது பல ஆண்டுகள் கழித்துத்தான் எனக்குத் தெரிய வந்தது.

மிகயில் மில் 1909 நவம்பரில் சைபீரியாவின் இர்குட்ஸ்கில், யூதக் குடும்பமொன்றில் பிறந்தார். தந்தை ரயில்வே ஊழியர், தாய் பல் வைத்தியர். மாணவனாக இருந்தபோதே, பின்னாளில் தனக்குப் போட்டியாளரான நிக்கலாய் கமோவின் ஆட்டோஜைரோ வேலையில் சேர்ந்துகொண்டார். 1941இல் யெல்னியா போர்முனைக்குப் போன ஆட்டோஜைரோக்களைப் பராமரித்தவர்களில் அவரும் ஒருவர். மொஸ்கோவில் அவருக்கென ஒரு வடிவமைப்புப் பணியகம் கிடைத்தது 1947 டிசம்பரில்.

அவருடைய முதல் உலங்குவானூர்தியான எம்.ஐ-1இன் கதை முழுக்கப் பாகங்களின் கதைதான். முதல் மாதிரியில், உயரத்தில் குளிர் தாங்காமல் கிரீஸ் இறுகிவிட்டது. விமானி மத்வேய் பைகலோவ் பரசூட்டில் குதித்துத் தப்பினார். 1949 மார்ச்சில் இரண்டாவது மாதிரியின் வால் விசிறிக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டு முறிந்தது. இம்முறை பைகலோவ் உயிர் தப்பவில்லை. உலங்குவானூர்தியில் இப்படியான ஒரு தண்டுக்கு மாற்று ஏற்பாடு கிடையாது. குறித்த மணித்தியாலங்கள் பறந்ததும், நன்றாக இருப்பதுபோல் தெரிந்தாலும், முக்கிய பாகங்களைக் கழற்றி மாற்றுவது அதனால்தான்.

எம்.ஐ-4, எம்.ஐ-6, எம்.ஐ-8 என்று வரிசை நீண்டது. 1969 ஓகஸ்டில் அவருடைய வி-12 ராட்சத உலங்குவானூர்தி 44 தொன்னுக்கு மேல் தூக்கிச் சாதனை படைத்தது.

மில்லை நோயாளர்களையும் பாரங்களையும் சுமக்கும் இயந்திரங்களின் தந்தை என்று மட்டும் எழுதுபவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. துருப்புகளை ஏற்றிக்கொண்டு தானே சுட்டபடி இறங்கும் பறக்கும் கவசவண்டி அவருடைய சொந்த யோசனை. யாரும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை. 1960களின் நடுவில், தயங்கிய சோவியத் தளபதிகளிடம் அதை வாதாடி ஏற்கவைத்தவரும் அவரே. எட்டுப் படையினருக்கு இடம், இருபக்கமும் குட்டைச் சிறகுகள், அவற்றில் ரொக்கெட்டுகள். விமானிகள் அதற்கு முதலை என்று பட்டப்பெயர் வைத்தார்கள்.

அதைப் புதிதாக ஒன்றாகவும் அவர் தொடங்கவில்லை. எம்.ஐ-8இன் எஞ்சினையும் சுழலி அமைப்பையும் அடிப்படையாக எடுத்துக்கொண்டார். பின்னர் எம்.ஐ-24க்குப் போட்ட வலுக்கூடிய டிவி3-117 எஞ்சின் எம்.ஐ-8 உடலுக்கு வந்தபோது எம்.ஐ-17 பிறந்தது. இங்கே வெள்ளத்தில் கூரைமேல் நின்றவர்களைத் தூக்கிய ஹெலியும் எங்களைப் பதுங்குகுழிக்குள் துரத்திய ஹெலியும் ஒரே எஞ்சின் குடும்பம்.

எம்.ஐ-24 முதன்முதலில் பறந்தது 1969 செப்டெம்பரில். மில் 1970 ஜனவரி 31இல், 60 வயதில் காலமானார். ஆப்கானிஸ்தானை அவர் பார்க்கவில்லை, வன்னியையும் பார்க்கவில்லை.

அந்த எஞ்சின்களைப் பெருமளவில் செய்தது உக்ரைனின் சபோரிஷியாவிலுள்ள மோட்டார் சிச் தொழிற்சாலை. 2014க்குப் பிறகு உக்ரைன் ரஷ்யாவுக்கான இராணுவ ஏற்றுமதியை நிறுத்த, ரஷ்யா சென் பீற்றர்ஸ்பேர்க்கில் தானே செய்யவேண்டியதாயிற்று. 2022இலிருந்து நடக்கும் போரில் இரு படைகளும் எம்.ஐ-24ஐயும் எம்.ஐ-8ஐயும் பறக்கவிடுகின்றன.