தாய்மார்களின் சோகையை வென்ற டாக்டர் லூசி வில்ஸ்
பரேல் ஆய்வுக்கூடத்தில் பிறந்த கண்டுபிடிப்பு

கர்ப்பிணிப் பெண்களுக்கு அரசு ஆஸ்பத்திரிகளில் சிவப்பு மாத்திரை கொடுக்கிறார்கள். அதில் இரும்புச் சத்தும் போலிக் அமிலமும் சேர்ந்திருக்கின்றன. இந்தப் போலிக் அமிலத்தின் கதை நம் மும்பையில், பரேலில் தொடங்கியது என்பது பலருக்குத் தெரியாது. அதைத் தொடங்கி வைத்தவர் டாக்டர் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய அம்மையார்.

இங்கிலாந்தில் பர்மிங்காம் நகருக்கு அருகில் உள்ள சட்டன் கோல்ட்ஃபீல்டு என்ற ஊரில் 1888 மே 10ந் தேதி லூசி பிறந்தார். கேம்பிரிட்ஜில் தாவர இயலும் மண்ணியலும் படித்து 1911ல் தேறினார். பெண்கள் தேறினாலும் அந்தப் பல்கலைக்கழகம் அவர்களுக்கு முழுப் பட்டம் கொடுக்காத காலம் அது. முதல் உலகப்போர் தொடங்கிய சமயம் தென் ஆப்பிரிக்காவில் இருந்த அவர், அங்கே நர்ஸ் வேலை பார்த்தார். பிறகு லண்டன் திரும்பி, பெண்களுக்கான மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 1920ல் டாக்டரானபோது அவருக்கு வயது 32. நோயாளிகளைப் பார்த்துப் பணம் சேர்க்கும் தொழிலை அவர் விரும்பவில்லை. ராயல் ஃப்ரீ ஆஸ்பத்திரியின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார்.

பம்பாய்க்கு வந்தார்

அக்காலத்தில் பம்பாயில் ஏழைக் கர்ப்பிணிகள் பலர் கடுமையான ரத்த சோகையால் இறந்தார்கள். ஆலை வேலைக்குப் போகும் பெண்களிடம் இந்த நோய் அதிகம் காணப்பட்டது. முகம் வெளுத்து, கால் வீங்கி, மூச்சு வாங்கும் நிலையில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரப்படுவார்கள். இந்தியாவில் ரத்த வங்கி ஏற்படாத காலம். ரத்தம் இல்லாமல் தவிக்கும் உடம்பில் இதயமும் தளர்ந்துபோயிருக்கும். பிரசவத்தின்போது சிறிது ரத்தம் போனாலும் உயிருக்கு ஆபத்துதான்.

இதை ஆராய 1928ல் லூசி அம்மையார் பம்பாய் வந்தார். பரேலில் பழைய கவர்னர் மாளிகையில் இயங்கிய ஹாஃப்கின் ஆய்வு நிலையத்தில் வேலை தொடங்கினார். குன்னூர் ஆய்வுக்கூடத்திலும் பணி செய்தார். 1931ல் சில காலம் சென்னை திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரியிலும் பணியாற்றினார். இன்று அது கஸ்தூரிபா காந்தி ஆஸ்பத்திரி.

கைகொடுத்த ஈஸ்ட்

நோய்க்குக் காரணம் கிருமியா, சாப்பாடா என்பதே முதல் கேள்வி. நோயாளிகள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று அவர் கணக்கெடுத்தார். கீரை, காய், பழம், பால் எல்லாம் அவர்கள் தட்டில் மிகக் குறைவு. அதே சாப்பாட்டை எலிகளுக்கும், பிறகு குரங்குகளுக்கும் கொடுத்துப் பார்த்தார். குரங்குகளுக்கும் சோகை வந்தது.

வேறொரு வகைச் சோகைக்கு ஈரல் நல்ல மருந்து என்று 1926ல் அமெரிக்க டாக்டர்கள் கண்டறிந்திருந்தார்கள். ஆனால் ஈரல் மருந்தின் விலை ஏழைகளுக்கு எட்டாது. ஆகவே லூசி மலிவான பொருளைத் தேடினார். பீர் வடிக்கும்போது மிஞ்சும் ஈஸ்டிலிருந்து செய்யப்படும் மார்மைட் என்ற கரிய பசையைக் குரங்குக்குக் கொடுத்தார். அது தேறியது. பிறகு நோயாளிப் பெண்களுக்குக் கொடுத்தார். சாப்பாட்டையே வெறுத்தவர்களுக்குச் சில நாட்களில் பசி எடுத்தது. ரத்தத்தில் புதிய சிவப்பு அணுக்கள் பெருகின. இந்த முடிவு 1931ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளிவந்தது.

அவர் இன்னொன்றும் கண்டார். நன்றாகச் சுத்திகரித்த ஈரல் மருந்து இந்தப் பெண்களுக்குப் பலன் தரவில்லை. சுத்திகரிக்காத ஈரலும் ஈஸ்டும் பலன் தந்தன. ஆகவே ஈரலில் ஒன்றல்ல, இரண்டு மருந்துப் பொருள்கள் இருக்கவேண்டும் என்று தெளிவாயிற்று. பெயர் தெரியாத அந்த இரண்டாவது பொருளை டாக்டர்கள் வில்ஸ் பொருள் என்றே அழைத்தார்கள்.

1941ல் அதைப் பசலைக் கீரையிலிருந்து பிரித்தெடுத்துப் போலிக் அமிலம் என்று பெயரிட்டார்கள். 1945ல் அதைச் செயற்கையாகத் தயாரித்த அமெரிக்க விஞ்ஞானிகள் குழுவுக்குத் தலைவர் நம்மவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ்தான் அவர்.

இன்றும் அதே பாடம்

மோசமான நிலையில் உள்ள நோயாளிக்குச் சோகை என்றால் உடனே ரத்தம் ஏற்றவேண்டும் என்று உறவினர்கள் டாக்டரை நெருக்குவது உண்டு. ஆனால் இப்போது தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் கணக்குப் பார்த்தே ஏற்றுகிறார்கள். 100 மில்லி ரத்தத்தில் ஹீமோகுளோபின் 7 கிராமுக்குக் கீழே போகும்வரை பெரும்பாலும் காத்திருக்கிறார்கள். ரத்தப்போக்கு உள்ளவர்களுக்கும் இதய நோயாளிகளுக்கும் கணக்கு வேறு. தளர்ந்த இதயம் உள்ளவருக்கு வேகமாக ரத்தம் ஏற்றினால் நுரையீரலில் நீர் கோத்துவிடும். சோகைக்கு என்ன காரணம் என்று கண்டுபிடிப்பதே முக்கியம். இரும்புக் குறைவா, போலிக் அமிலக் குறைவா, பி12 குறைவா என்று சோதித்து மருந்து தரவேண்டும். பி12 குறைந்தவருக்குப் போலிக் அமிலம் மட்டும் கொடுத்தால் ரத்தம் தேறும், நரம்பு கெடும். லூசி அம்மையார் பிரித்துக் காட்டிய இரண்டு பொருள்களின் வேறுபாடு இதுதான்.

லூசி வில்ஸ் திருமணம் செய்துகொள்ளவில்லை. லண்டனில் கார் இல்லாமல் சைக்கிளிலேயே வேலைக்குப் போனார். 1947ல் ஓய்வு பெற்றார். கடைசிக் காலத்தில் செல்சி நகரசபையில் தொழிற்கட்சி உறுப்பினராக இருந்தார். 1964 ஏப்ரல் 16ந் தேதி காலமானார்.

கர்ப்பிணிகள் தினம் ஒன்றாக 180 நாட்கள் சாப்பிட வேண்டும் என்று அந்தச் சிவப்பு மாத்திரையை இலவசமாகவே தருகிறார்கள். வயிற்றைப் புரட்டுகிறது என்று பல பெண்கள் அதைப் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். அப்படி நிறுத்தாமல் டாக்டரிடமோ நர்ஸிடமோ சொல்லி வழி கேட்கவேண்டும். வீட்டில் கர்ப்பிணி இருந்தால், மாத்திரை சாப்பிட்டாயா என்று தினமும் கேட்பது ஆண்களின் கடமை.