மாலைக்கண் ஏன் வருகிறது? விடை கண்டுபிடித்த ஜார்ஜ் வால்ட்

பகலில் பார்வை நன்றாகவே இருக்கும். பொழுது சாய்ந்தால் போதும், படி தெரியாது, எதிரே வருபவர் முகம் தெரியாது. இதுதான் மாலைக்கண். ஈரல் சாப்பிட்டால் சரியாகும் என்று பண்டைய கிரேக்க மருத்துவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். 20-ம் நூற்றாண்டில், வைட்டமின் ஏ குறைந்தால் இது வரும் என்பதும் தெரிந்துவிட்டது. ஆனால் அந்த வைட்டமினுக்கும் கண்ணுக்கும் என்னதான் தொடர்பு?

அதைக் கண்டுபிடித்தவர் ஜார்ஜ் வால்ட். 1906-ல் நியூயார்க்கில், ஐரோப்பாவிலிருந்து குடியேறிய யூதக் குடும்பத்தில் பிறந்தார். அப்பா தையல் தொழிலாளி. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பிஎச்.டி. முடித்து, 1932-ல் ஜெர்மனிக்குப் போனார். அங்கே பெர்லினில், விழித்திரையிலேயே வைட்டமின் ஏ இருப்பதைக் கண்டுபிடித்தார்.

1933-ல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். யூதரான வால்ட் அங்கே நீடிக்க முடியாத நிலை. கிளம்புவதற்கு முன், ஹைடல்பெர்க் ஆய்வகத்துக்கு வந்த 300 தவளைகளை வைத்து இன்னொரு முக்கியமான ஆய்வையும் முடித்தார். அதில் சிக்கியதுதான் 'ரெட்டினால்'.

விஷயம் இதுதான். மங்கலான வெளிச்சத்தில் நமக்கு உதவுவது விழித்திரையின் குச்சி செல்கள். அவற்றில் ரோடாப்சின் என்ற நிறமி இருக்கிறது. ஒளி பட்டதும் அது சிதைந்து ரெட்டினால் பிரியும். திரும்ப ரோடாப்சின் உருவாக வைட்டமின் ஏ வேண்டும். சத்து போதவில்லை என்றால் நிறமி குறையும், இருட்டில் பார்வை மங்கும்.

1934-ல் ஹார்வர்டில் சேர்ந்த வால்ட், மனைவி ரூத் ஹப்பார்டுடனும் சேர்ந்து இந்த ஆய்வைத் தொடர்ந்தார். 1967-ல் நோபல் பரிசு கிடைத்தது. அந்தப் புகழை வியட்நாம் போருக்கு எதிராகக் குரல் கொடுக்கவும் பயன்படுத்தினார். 1997-ல் காலமானார்.

இந்தியாவில் 9 மாதம் முதல் 5 வயது வரை குழந்தைகளுக்கு வைட்டமின் ஏ திரவம் கொடுப்பதன் பின்னால் இருப்பதும் இதே அறிவியல்தான்.

ஆனால் எல்லா மாலைக்கண்ணுக்கும் சத்துக்குறைவே காரணம் இல்லை. கண்புரை, அதிகக் கிட்டப்பார்வை, பரம்பரையாக வரும் விழித்திரை நோய், கல்லீரல், குடல் பிரச்சினை என எதுவாகவும் இருக்கலாம். கேரட் சாப்பிட்டால் போதும் என்று நாமே முடிவு பண்ணக்கூடாது. மாத்திரையை இஷ்டத்துக்கு விழுங்கவும் கூடாது. வைட்டமின் ஏ அளவு மீறினால் கல்லீரலையே பாதிக்கும், கர்ப்பிணிகளுக்கு இன்னும் ஆபத்து. இரவில் வண்டி ஓட்டத் தடுமாறினால், முதலில் கண் மருத்துவரைப் பாருங்கள்.