டான் கா கீ: பணக்காரர்களின் மன்றத்துக்குப் புது வேலை கொடுத்தவர்

டௌன்டவுன் ரயில் பாதையில் போகும்போது டான் கா கீ என்ற நிலையப் பெயரைத் தமிழிலேயே படித்திருப்பீங்க. பக்கத்தில் ஹுவா சோங் கல்விக் கழகம். அதன் முன்னோடிப் பள்ளியை 1919இல் நிறுவியவர் அவர்தான் என்பது பலருக்குத் தெரியும். அவர் 20 ஆண்டுக்கும் மேலாக ஒரு தனியார் மன்றத்தின் தலைவராக இருந்தார், அது தெரியுமா?

யார் இவர்?

1874இல் சீனாவின் ஃபுஜியான் மாநிலத்தில் உள்ள ஜிமெய் ஊரில் பிறந்தார். 1890இல் சிங்கப்பூர் வந்து, அப்பாவின் அரிசிக் கடையில் வேலை பார்த்தார். அந்தக் கடை நொடித்துப்போன பிறகு, 1904இல் சொந்தமாக அன்னாசிப்பழத் தொழிற்சாலை தொடங்கினார். அடுத்து ரப்பர். 1920களில் இந்த வட்டாரத்தின் பெரும் பணக்காரர்களில் ஒருவராகிவிட்டார்.

தனியார் மன்றம் எதற்கு?

உறுப்பினர் ஆகணும்னா ஏற்கெனவே உள்ளவர்கள் உங்களைப் பரிந்துரைக்கணும், நீங்க சந்தா கட்டணும். தேர்ந்தெடுக்கப்பட்ட குழு ஒன்று கணக்கு வழக்கைப் பார்த்துக்கொள்ளும். இதுதான் தனியார் மன்றங்களின் அடிப்படை.

அன்றைய சிங்கப்பூரில் யார் உள்ளே வரலாம் என்பதை இனமும் முடிவுசெய்தது. 1865இல் தொடங்கிய தங்ளின் மன்றம் ஐரோப்பியர்களுக்கானது. வசதியான சீன வணிகர்கள் தங்களுக்கென மன்றங்களை அமைத்துக்கொண்டார்கள். அவற்றில் ஒன்றுதான் 1895இல் தொடங்கிய ஈ ஹோ ஹியன். மாலையில் வந்து சாப்பிட, பேச, பொழுதுபோக்க ஓர் இடம். கோடீஸ்வரர் மன்றம் என்றே அதற்குப் பெயர்.

1923இல் என்ன மாறியது?

அந்த ஆண்டு டான் கா கீ தலைவரானார். பொழுதுபோக்கோடு நின்றுவிடாமல், நாளிதழ் படிப்பதும் நாட்டு நடப்பைப் பேசுவதும் மன்றத்தின் வேலையானது. 1925இல் மன்றம் புக்கிட் பாசோ சாலைக்கு இடம் மாறியது.

இதில் ஒரு கணக்கு இருக்கு. ஒரே அறையில் உட்கார்ந்திருந்தவர்கள் வங்கி, தொழிற்சாலை, வர்த்தகச் சபை, குலச் சங்கம் எனப் பல இடங்களில் பொறுப்பில் இருந்தவர்கள். அவர்கள் மன்றத்தில் ஒரு முடிவெடுத்தால் அது சீக்கிரமே ஊர் முழுக்கப் போய்ச் சேரும்.

சொந்தத் தொழில் சரிந்தபோது

1929க்குப் பிறகு உலகப் பொருளாதார மந்தத்தில் ரப்பர் விலை படுத்துவிட்டது. டான் கா கீ தலைக்கு மேல் கடன். 1921இல் அவர் நிறுவிய சியாமென் பல்கலைக்கழகத்துக்குப் பணம் கொடுப்பதை நிறுத்தச் சொல்லிக் கடன் கொடுத்தவர்கள் நெருக்கினார்கள். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. 1934இல் நிறுவனம் மூடப்பட்டது.

பணம் போனால் மன்றத்தில் மரியாதையும் போயிருக்கணும் இல்லையா? போகவில்லை. தலைவர் பதவியில் அவரே தொடர்ந்தார்.

போர் வந்தது

1937இல் ஜப்பான் சீனாமீது படையெடுத்தது. சீனாவுக்கான நிவாரண நிதி இயக்கம் புக்கிட் பாசோவிலிருந்து இயங்கியது. காயமடைந்தோருக்கும் அகதிகளுக்கும் உதவலாம், அரசியல் கூடாது என்பது பிரிட்டிஷ் அரசாங்கத்தின் நிபந்தனை. 1938இல் தென்கிழக்காசியா முழுவதும் இருந்த நிதிக் குழுக்கள் ஒரே கூட்டமைப்பாக இணைந்தன. தலைவர் டான் கா கீ, தலைமையகம் ஈ ஹோ ஹியன்.

பணக்காரர்கள் மட்டும் கொடுக்கவில்லை. சாதாரணத் தொழிலாளிகளும் மாதாமாதம் கொடுத்தார்கள். அந்த மன்றத்துக்குள் உறுப்பினராக நுழையவே முடியாதவர்களின் காசும் அங்கிருந்துதான் கணக்கு வைக்கப்பட்டது. 1939இல், பர்மா சாலை வழியாகப் பொருள் கொண்டுசெல்லச் சுமார் 3,200 ஓட்டுநர்களும் மெக்கானிக்குகளும் இந்த வட்டாரத்திலிருந்து புறப்பட்டார்கள். பலர் திரும்பி வரவில்லை.

அதன் பிறகு

1942இல் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்வதற்குமுன் டான் கா கீ இங்கிருந்து தப்பி, போர் முடியும்வரை ஜாவாவில் மறைந்து வாழ்ந்தார். 1947இல் மன்றத் தலைமையை விட்டார். 1950இல் சீனாவுக்கே போய்விட்டார். 1961இல் பெய்ச்சிங்கில் காலமானார்.

அவருடைய ரப்பர் நிறுவனம் இன்று இல்லை. மன்றம் இருக்கிறது. ஊட்ரம் பார்க் பக்கம் போனால் புக்கிட் பாசோ சாலையில் 43ஆம் எண்ணைப் பாருங்க. முன்னோடிகளுக்கான நினைவுக்கூடம் ஒன்றும் அதற்குள் இருக்கிறது.