சந்தனத் தைலமும் சாட்டர்டன் துரையும்

மைசூர் விஜயநகரில் பொழுது சாய்ந்ததும் வீட்டுக்கு வீடு ஊதுவத்தி ஏற்றுகிறார்கள். ஒரு வீட்டில் மல்லிகை மணக்கிறது, அடுத்த வீட்டில் ரோஜா, மூன்றாவது வீட்டில் சந்தனம். ஆனால் இந்த மணங்களில் பெரும்பாலானவை பூவிலிருந்தோ மரத்திலிருந்தோ வந்தவை அல்ல. மல்லிகை வாசனைக்குப் பென்சைல் அசிடேட், ரோஜா வாசனைக்குப் பினைல் எதைல் ஆல்கஹால் என்று ரசாயனப் பொருள்கள் இருக்கின்றன. சோப்பு, பவுடர், தரை கழுவும் திரவம் எல்லாவற்றிலும் இவையே கலக்கப்படுகின்றன.

சந்தனம் மட்டும் ரசாயன நிபுணர்களுக்கு எளிதில் வசப்படவில்லை. சந்தன எண்ணெயின் உயிர்நாடியான சாண்டலால் என்ற பொருளை மலிவாகச் செயற்கையில் செய்ய முடியாததால், அதைப் போல மணக்கும் வேறு பொருள்களைச் செய்து சமாளிக்கிறார்கள். அசல் எண்ணெயின் மதிப்பு இன்றும் குறையாததற்கு இதுவே காரணம். பூக்களிலிருந்து அத்தர் இறக்குகிறவர்களும் பூவின் மணம் பறந்து போகாமல் பிடித்து வைக்கச் சந்தன எண்ணெயைத்தான் நம்பி வந்திருக்கிறார்கள்.

இத்தகைய பொருளை மைசூரிலேயே காய்ச்சி வடிக்க வழி செய்தவர்களில் முக்கியமானவர் ஓர் ஆங்கிலேயர். மைசூருக்கு வருமுன் தமிழ்நாட்டில் இருபது ஆண்டுகளுக்கு மேல் உழைத்தவர். அவர்தான் ஸர் ஆல்பிரட் சாட்டர்டன்.

சென்னையில் தொடக்கம்

சாட்டர்டன் 1866-ல் பிறந்தார். 1888-ல், இருபத்திரண்டு வயதில், சென்னை என்ஜினீயரிங் கல்லூரிக்கு ஆசிரியராக வந்து சேர்ந்தார். பாடம் சொல்லிக் கொடுத்துச் சம்பளம் வாங்குவதோடு அவர் நின்றுவிடவில்லை. இந்த நாட்டில் கிடைக்கும் கச்சாப் பொருளை இங்குள்ள கைகளைக் கொண்டே பண்டமாக்க வேண்டும் என்ற எண்ணம் அவரைப் பற்றிக்கொண்டது.

1898-ல் சென்னைக் கலைத்தொழில் பள்ளியில், பித்தளை தட்டிப் பழகிய தொழிலாளிகளைக் கொண்டு அலுமினியப் பாத்திரம் செய்யத் தொடங்கினார். நம் தாய்மார்கள் அடுப்பில் ஏற்றிய அலுமினியச் சட்டிக்கு இந்த முயற்சி ஒரு முன்னோடி. தொழில் நிலைபெற்றதும் அது தனியார் கம்பெனி ஒன்றின் கைக்குப் போயிற்று.

அடுத்துத் தோல். கவலை இறைக்கும் தோல்பை தண்ணீரில் ஊறிச் சீக்கிரம் கெட்டுப்போகும். குரோமியம் உப்பில் பதனிட்ட தோல் நீண்ட நாள் உழைக்கும் என்று கண்டு அந்த முறையைப் பரப்பினார். கிணற்றில் ஆயில் என்ஜின் வைத்துப் பம்பு மூலம் நீர் இறைக்கும் சோதனைகளையும் நடத்தினார். 1906-ல் சேலத்தில் விசைநாடாத் தறிகளுடன் ஒரு நெசவுக்கூடம் திறந்தார். வீட்டிலேயே தறி போட்டுப் பழகிய நெசவாளர்கள் மணியடித்தால் வரவேண்டிய கூடத்துக்கு எளிதில் இசையவில்லை. அவருடைய முயற்சிகள் எல்லாமே வெற்றி பெற்றுவிட்டன என்று சொல்ல முடியாது.

விழுந்த தடை

சர்க்கார் பணத்தில் தொழில் நடத்துவது ஐரோப்பிய வியாபாரிகளுக்குப் பிடிக்கவில்லை. தங்களுக்குப் போட்டி என்று கூக்குரல் எழுப்பினார்கள். 1910-ல் லண்டனிலிருந்து இந்தியா மந்திரி மார்லி பிரபு உத்தரவு அனுப்பினார். சர்க்கார் தொழிற்கல்வி கொடுக்கலாம், ஆனால் தானே தொழில் நடத்தக்கூடாது என்பது அதன் சாரம். பல ஆண்டு உழைப்பு ஒரே கடிதத்தில் முடங்கியது.

சாட்டர்டன் மூட்டை கட்டிக்கொண்டு சீமைக்குத் திரும்பியிருக்கலாம். அவர் மைசூருக்கு வந்தார். 1912-ல் இந்தச் சமஸ்தானத்தின் தொழில், வர்த்தக டைரக்டர் ஆனார். நான்காம் கிருஷ்ணராஜ உடையார் மகாராஜா. அதே ஆண்டு திவானாகப் பொறுப்பேற்றவர் விசுவேசுவரய்யா. சென்னையில் குற்றமாகக் கருதப்பட்ட காரியம் மைசூரில் கடமையாகக் கருதப்பட்டது.

யுத்தம் காட்டிய வழி

மைசூரில் சந்தன மரம் திப்பு சுல்தான் காலத்திலிருந்தே அரசின் உடைமை. குடியானவன் நிலத்தில் முளைத்தாலும் மரம் அரசுக்குத்தான். வெட்டிய கட்டைகள் ஏலத்தில் விற்கப்பட்டுக் கப்பலேறும். ஜெர்மனியில் எண்ணெய் வடித்து, விலையை ஏற்றி விற்பார்கள். மரம் இங்கே, லாபம் அங்கே.

1914-ல் முதல் உலக யுத்தம் மூண்டது. ஜெர்மன் வியாபாரிகள் வரவில்லை. ஏலம் படுத்தது, கட்டைகள் தேங்கின, கஜானாவுக்கு வரவேண்டிய பணம் நின்றது. அப்போதுதான் எண்ணெயை இங்கேயே வடித்தால் என்ன என்ற கேள்விக்கு விடை தேடப்பட்டது. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் பேராசிரியர் சட்பரோ, வாட்சன் ஆகியோர் வடிக்கும் முறையைச் சோதித்துத் தந்தார்கள். அதைத் தொழிலாக நிறுத்தும் பொறுப்பு சாட்டர்டனுடையது.

வைரம் பாய்ந்த நடுக்கட்டையையும் வேரையும் சீவித் தூளாக்கிக் கொப்பரையில் இட்டு, நீராவி செலுத்துவார்கள். ஆவியோடு எண்ணெயும் எழுந்து வரும். குளிர்ந்ததும் நீரும் எண்ணெயும் பிரியும். அவசரப்பட்டால் நல்ல எண்ணெய் கிடைக்காது, மணிக்கணக்கில் பொறுமை வேண்டும். 1916-ல் பெங்களூரிலும் 1917-ல் மைசூரிலும் சந்தன எண்ணெய் ஆலைகள் இயங்கத் தொடங்கின. அதைத் தொடர்ந்து, சீமைக்குச் சென்று சோப்புத் தொழில் கற்றுவந்த எஸ்.ஜி. சாஸ்திரி அந்த எண்ணெயைச் சோப்பில் சேர்த்தார். மைசூர் சாண்டல் சோப் பிறந்தது.

காலம் தந்த பதில்

சென்னையில் தடைபட்ட கொள்கைக்கும் காலம் பதில் சொன்னது. 1916-ல் அமைந்த இந்தியத் தொழில் கமிஷனில் சாட்டர்டனும் ஓர் அங்கத்தினர். தொழில் வளர்ச்சியில் சர்க்கார் முன்வந்து பங்கேற்க வேண்டும் என்று 1918-ல் அந்தக் கமிஷன் சிபாரிசு செய்தது. எட்டு ஆண்டுகளுக்கு முன் மார்லி பிரபு மறுத்ததும் இதைத்தான். ஸர் பட்டமும் பெற்ற சாட்டர்டன், சுதந்திர இந்தியாவையும் கண்டு, 1958-ல் காலமானார்.

அவர் காலத்தில் காடு நிறைய இருந்த சந்தன மரம் பிறகு திருட்டாலும் நோயாலும் அருகியது. தன் நிலத்துச் சந்தன மரம் தனக்கே சொந்தம் என்ற உரிமையைக் கர்நாடக விவசாயி 2001-ல்தான் பெற்றான். எண்ணெய் வடிக்கும் வித்தையைக் கற்ற அரசு, மரம் வளர்ப்பவனையும் பங்காளியாக்க வேண்டும் என்பதைக் கற்க எண்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அந்த இடைவெளியில்தான் செயற்கைச் சந்தனம் ஊதுவத்தியிலும் சோப்பிலும் இடம் பிடித்துக்கொண்டது.

பிழைப்புத் தேடி மைசூர் வந்த தமிழர் பலர். தன் தொழிலுக்கு இடம் தேடி, சென்னையிலிருந்து இதே திசையில் வந்தவர் சாட்டர்டன். இங்கு வடித்த எண்ணெய் இந்த ஊரின் பெயரிலேயே உலகச் சந்தைக்குப் போயிற்று. வெறும் கட்டையாகக் கப்பலேறிய காலத்தில் அந்தப் பெயரும் கூலியும் லாபமும் ஜெர்மனியில் தங்கின.